டொப்சோனியனா, கமரா பூட்டிய மோட்டார் மவுண்டா? உப்புக்காற்று சொன்ன பதில்

2023 மே மாதம் ஜப்பானிய வானியல் ஆர்வலர் கொய்ச்சி இத்தகாக்கி, எம்101 என்ற விண்மீன் மண்டலத்தில் (கலக்சியில்) ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துப் பிரகாசிக்கும் நட்சத்திரத்தை, கண்டுபிடித்தார். அடுத்த கிழமையே பருத்தித்துறையில் எங்கள் மொட்டைமாடிக்கு கையால் திருப்பும் எளிய தொலைநோக்கியான என் 8 அங்குல டொப்சோனியனைத் தூக்கிப்போனேன். மண்டலம் ஊதிவிட்ட புகைபோல இருந்ததே தவிர, சுருள் கைகள் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் புகையின் ஓரத்தில், வரைபடத்தில் இல்லாத ஒரு கூரான புள்ளி. ஏறக்குறைய 2 கோடி ஆண்டு பயணித்து வந்த வெளிச்சம். அன்று இரவு நித்திரையே வரவில்லை.

நண்பரிடம் இருப்பது மோட்டார் மவுண்ட் (வானம் நகர நகரத் தொலைநோக்கியைத் தானாகத் திருப்பும் தாங்கி), கமரா, லப்டொப். விலை பல மடங்கு, பாரமும் அதிகம். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வடதுருவ நட்சத்திரத்துக்கு நேராக மவுண்டை நிறுத்தவேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 10 பாகைதான் உயரும், அதையும் பக்கத்து வளவுப் பனைகள் மறைத்துவிடும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புத்தான். கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். மூன்றாம் வருட மாரி முடிந்து நண்பர் மவுண்டை வெளியே எடுத்தபோது ஒரு அச்சு அசையவில்லை. கேபிள் செருகும் ஊசிகளில் பச்சைக் களிம்பு, உள்ளே சர்க்கிட் போர்ட்டும் போய்விட்டது. மாற்றுப் போர்ட் வெளிநாட்டிலிருந்து வந்துசேர ஐந்து மாதம். தை முதல் சித்திரை வரையான நல்ல வானம் முழுவதும் அவருக்குப் பறிபோனது. என் டொப்சோனியனில் கெட்டுப்போக இருப்பது வெளிச்சத்தைக் குவிக்கும் ஆடி (கண்ணாடி) மட்டும்தான். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, குழாய்த் தண்ணீரில் தூசியைப் போக்கி, ஒரு துளி சோப்பும் பஞ்சும் கொண்டு அழுத்தாமல் வருடி, கடைசியாக பற்றரிக்கு ஊற்றும் வடிநீரால் அலசி நிமிர்த்திவைத்தால் சரி. ஆடிக்கு நாலு வயதுதான். பூச்சு பத்து வருடம் தாங்கும் என்று சத்தியம் பண்ணமாட்டேன். சோளகக் காற்று அடிக்கும் இரவுகளில் தொலைநோக்கிக் குழாய் ஆடுவதும் உண்மை.

புதிதாகக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் கமராவை வாங்குங்கள். 2016 இல் ஆர்ஜென்டினாவின் விக்டர் பூசோ புதுக் கமராவைப் பரிசோதிக்கப்போய், என்ஜிசி 613 என்ற மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடிக்கத் தொடங்கிய கணத்தையே பிடித்தார். கண்ணால் அது முடியாது. இன்றைக்குத் தானியங்கித் தொலைநோக்கிகள் இரவிரவாக வானத்தைத் துழாவுகின்றன. மங்கலான புள்ளிகளில் அவற்றை முந்த எங்களுக்கு வழியில்லை. ஆனாலும் அவுஸ்திரேலியப் போதகர் ரொபர்ட் எவன்ஸ், மண்டலங்களின் தோற்றத்தை மனப்பாடம் செய்து கமரா இல்லாமல் தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தே 42 சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தவர். நான் இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, மற்றவர்கள் அறிவித்தவற்றைத் தேடிப் பார்க்கிறேன். அதற்கு டொப்சோனியன் தாராளம்.

சித்திரை, வைகாசியில் தெற்கே எம்83 நன்றாக உயரும். ஆறு சூப்பர்நோவாக்கள் பதிவான மண்டலம்; எவன்ஸ் 1983 இல் ஒன்றைக் கண்டதும் அங்கேதான். முகிலில்லாத இரவில் குழாயை முதலில் அந்தப் பக்கம்தான் திருப்புகிறேன்.