மீன்தொட்டிச் செடி என்று வீட்டுச் செடியை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

ஜூன் பள்ளி விடுமுறையில் மகனுக்காகச் செடி வைத்த மீன்தொட்டி வாங்கினோம். இரண்டடித் தொட்டி, விளக்கு, ஃபில்டர், மண், செடி, மீன் எல்லாம் சேர்த்து 320 சிங்கப்பூர் வெள்ளி. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

செடியில்தான் முதலில் ஏமாந்தோம். தண்ணீரில் முக்கி வைத்திருந்த மூன்று வகையைக் காட்டி, "எல்லாம் தண்ணீர்ச் செடி, பராமரிப்பே வேண்டாம்" என்றார் கடைக்காரர். ஒன்று, லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில் கல்லாப் பக்கம் கண்ணாடிக் குவளையில் நிற்குமே, அந்த அதிர்ஷ்ட மூங்கில். அது மூங்கிலே இல்லை, டிரசீனா. வேர் தண்ணீரில் இருக்கலாம். இலையும் முழுகினால் அழுகிவிடும். மற்ற இரண்டும் ஊதா இலை ஹெமிகிராஃபிஸ், மோண்டோ புல். மூன்றுமே நிலத்துச் செடிகள். தண்ணீருக்குள் சில வாரம் பச்சையாகவே நிற்கும், அதனால்தான் விற்க முடிகிறது.

இரண்டாம் வாரம் இலைகள் வழுவழுத்துப் பழுப்பேறின. படம் எடுத்துப் போய்க் காட்டினேன். "பயப்படாதீர்கள், பழைய இலை கரையும், புது இலை வரும்" என்றார். எனக்குக் கோபம் அதிகமாக வருவது இங்கேதான், ஏனென்றால் அது பாதி உண்மை. கிரிப்டோகோரைன், அமேசான் சோர்ட் போன்ற உண்மையான தண்ணீர்ச் செடிகளைப் பண்ணைகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே வளர்க்கிறார்கள். தொட்டியில் நட்டதும் அவற்றின் பழைய இலை கரைந்து, அடியிலிருந்து புது இலை கிளம்புவது இயல்பு. அந்த நியாயத்தைத் தண்ணீருக்குள் பிழைக்கவே முடியாத செடிக்குச் சொல்லிவிட்டார். நானும் நம்பி, மேலும் பத்து நாள் அழுகலைத் தொட்டியிலேயே விட்டுவைத்தேன்.

மீனையும் அன்றைக்கே கொடுத்தார், பன்னிரண்டு நியான் டெட்ரா. கூடவே ஒரு பாக்டீரியா பாட்டில், இதை ஊற்றினால் போதுமாம். மீன் கழிவிலும் அழுகும் இலையிலும் அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் ஃபில்டரில் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது. குழாய்நீரை ஓரிரவு வைத்தால் குளோரின் போய்விடும் என்றும் சொன்னார். சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, அது ஓரிரவில் போகாது. அதை முறிக்கும் ஆன்டி-குளோரின் மருந்தை ஊற்றியே ஆக வேண்டும். மூன்றாம் வாரம் சோதித்துப் பார்த்தேன், அம்மோனியா 4 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நான்கு பங்கு. இருக்கவே கூடாதது அது. தினமும் எழுந்ததும் மகன் மீன்களை எண்ணுவான். ஒருநாள் எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

ஹீட்டர் ஒன்றையும் 35 வெள்ளிக்குத் தலையில் கட்டினார். ஏசி போடாத எங்கள் வீட்டில் தண்ணீர் 29, 30 டிகிரியில் நிற்கிறது. நியானுக்கு அதுவே அதிகம், வேண்டியது மின்விசிறிதான்.

பணத்தைக் கேட்டதற்கு, உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்று முடித்துவிட்டார். ரசீதில் "செடி" என்று மட்டும் போட்டிருந்தது. நீங்கள் வாங்கும்போது ஒவ்வொரு செடியின் பெயரையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வாங்காதீர்கள். 5,000 வெள்ளிவரையிலான தொகைக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பயனீட்டாளர் 10 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம், ஆனால் என்ன பெயர் சொல்லி விற்றார்கள் என்பதற்குக் கையில் ஆதாரம் வேண்டுமே.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் என்ற இரண்டு தண்ணீர்ச் செடிகளே போதும். அவற்றின் தடித்த கிழங்குத் தண்டை மண்ணில் புதைக்காமல் மரக்கட்டையில் நூலால் கட்டுங்கள்.

நான் சொன்ன மூன்று செடிகளில் ஏதாவது இப்போது உங்கள் தொட்டிக்குள் இருந்தால் இன்றைக்கே பிடுங்கி விடுங்கள். புல்லையும் ஊதாச் செடியையும் மண்தொட்டியில் நடலாம். மூங்கிலை, வேர் மட்டும் நனையும்படி குவளையில் வைக்கலாம். எங்களுடைய ஐந்து தண்டுகளில் இரண்டு அப்படிப் பிழைத்து, சமையலறை ஜன்னலோரம் நிற்கின்றன.