தெனம் அரை மணியா, ஞாயித்துக்கிழமை முழுசுமா? வேலைக்குப் போயிட்டே குரூப் 4 படிக்கிறவங்களுக்கு

கடலூர் பக்கம் வேலைக்குப் போயிக்கிட்டே டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறவங்கள்ல ரெண்டு கட்சி உண்டு. தெனம் அரை மணி நேரம் படிக்கிற கட்சி ஒண்ணு, வாரம் பூரா விட்டுட்டு ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்து ராத்திரி எழுந்திரிக்கிற கட்சி இன்னொண்ணு. கணக்குப் பாத்தா ஞாயிறு கட்சிதான் ஜெயிக்கணும், ஏன்னா அரை மணி ஆளுக்கு வாரம் மூணரை மணிதான் தேறும், இவங்களுக்கு எட்டு மணி. ஆனாலும் என் ஓட்டு அரை மணிக்குத்தான், ஒரு விஷயம் தவிர, அது கடைசில.

மொதல்ல ஞாயித்துக்கிழமை நம்ம கையிலயா இருக்கு? முகூர்த்த நாளா வந்துட்டா திருவந்திபுரத்துல யார் வீட்டுக் கல்யாணமாவது இருக்கும், போகலன்னா பேச்சு வாங்கணும், போயிட்டு சாப்ட்டு வந்து படுத்தா சாயங்காலம். (அங்க மலை மேல ஹயக்ரீவர் இருக்காரு, படிப்புக்கு வேண்டிக்கிட்டு வந்ததா கணக்கு வச்சுக்கலாம்.) சிப்காட்ல ஷிப்ட் பாக்குறவங்களுக்கு ஞாயிறுன்னு தனியா ஒண்ணு கிடையவே கிடையாது. ஒரு ஞாயிறு போச்சுனா புக்குக்கும் நமக்கும் நடுவுல ரெண்டு வாரம் ஓடிடும்.

அரை மணி ஆளுக்குப் போறது ஒரு நாள்தான். 2010-ல வந்த லண்டன் ஆய்வு ஒண்ணு, 96 பேர வச்சுப் பண்ணது, பழக்கம் தன்னால வர்றதுக்கு சராசரியா 66 நாள், ஆளுக்கு ஆள் 18-லேந்து 254 நாள் வரைக்கும்னு சொல்லுது, நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா ஒண்ணும் கெடலயாம். 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு வாட்ஸப்ல சுத்துற கதைய நம்பி, இன்னும் கஷ்டமாவே இருக்கேன்னு புக்க மூடிடாதீங்க.

தமிழ்ப் பகுதிதான் இதுல முக்கியம். 100 கேள்வி, 150 மார்க், அதுல 60 எடுக்கலன்னா மிச்சத்த திருத்தவே மாட்டாங்க. ஊறுகாய்னா ஊறிய, ஊறுகின்ற, ஊறும்னு மூணு காலத்துக்கும் வரும், அதான் வினைத்தொகை, இத இன்னிக்குப் பாத்து நாளைக்கு ஒரு தடவ, நாலு நாள் கழிச்சு ஒரு தடவ பாத்தா நிக்கும். அதையே ஞாயித்துக்கிழமை அம்பது சொல்லு ஒரே மூச்சுல பாத்தா புதன்கிழமை வினைத்தொகைக்கும் பண்புத்தொகைக்கும் வித்தியாசம் தெரியாம முழிப்போம். பாண்டிக்கு வேலைக்குப் போறவங்க பஸ்ல புக்கப் பிரிச்சா கிருமாம்பாக்கம் வர்றதுக்குள்ள ரெண்டு பக்கம் ஆயிடும், உக்கார எடம் கெடச்சா.

இப்ப ஞாயிறு கட்சிக்கு நியாயமா சேர வேண்டியத சொல்லிடறேன். கூட்டுவட்டி மாதிரி கணக்கெல்லாம் அரை மணில சூடு பிடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும். அதவிட பெருசு பரீட்சையே, மூணு மணி நேரத்துல 200 கேள்வி, ஒண்ணுக்கு 54 நொடி. தெனம் பத்து கேள்வி போட்டுட்டு ஆப்ல டிக் அடிச்சு சந்தோஷப்படுறவங்க ஹால்ல ரெண்டாவது மணி நேரத்துல கழுத்து வலிச்சு திணறுவாங்க. அதனால மாசத்துல ஒரு ஞாயிறாவது பழைய கொஸ்டின் பேப்பர் ஒண்ண எடுத்து, பரீட்சை நேரத்துக்கே, காலைல ஒன்பதரைக்கு உக்காந்து பன்னெண்டரைக்கு பேனாவ கீழ வச்சிடுங்க, ஓஎம்ஆர் ஷீட்ட பிரிண்ட் போட்டு வட்டத்த நெஜமாவே கறுக்கணும், விடை தெரியாததுக்கு இருக்குற அஞ்சாவது வட்டத்தையும் சேத்து.