மெட்ராஸ் வேர் கொண்ட ராணுவத் தொப்பி பேட்ஜ் என்று 6,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். வாங்குகிறவர்கள் உஷார்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து, பழைய பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் படையான ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் தொப்பி பேட்ஜ் ஒன்று வாங்கினேன். வந்து சேர்ந்தது போலி. பழைய நாணயம், பதக்கம், ராணுவ உபரிச் சாமான் எல்லாம் கைமாறும் ஒரு இணையச் சந்தை அது. பெயர் சொல்லவில்லை, இந்தப் பொருள்களைத் தேடுகிறவர்களுக்குத் தானாகவே புரியும்.

இந்த பேட்ஜ் மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்றால், பெயர்தான் டப்ளின், வேர் நம் பக்கம். 102-வது ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸும் 103-வது ராயல் பம்பாய் ஃபியூசிலியர்ஸும் 1881-இல் இணைந்து உருவான படை. பேட்ஜில் இருப்பது தீ எரியும் பழைய காலக் கையெறி குண்டு, அதன் உருண்டையில் மேலே புலி, கீழே யானை. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது இதன் முதல் பட்டாலியன் சென்னையில்தான் இருந்தது. அந்த பட்டாலியன்தான் 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கல்லிப்போலியில் 'வி' என்று பெயரிட்ட கடற்கரையில் இறங்கும்போதே குண்டு மழையில் சின்னாபின்னமானது. 1922-இல் படையையே கலைத்துவிட்டார்கள்.

விற்பவர் சொன்ன கதையும் அதையொட்டியே இருந்தது. சென்னையில் விட்டுப்போன பழைய ஸ்டோர் சரக்காம், யாரும் அணியாததாம். கதையை நான் நம்பவில்லை. கதைக்கு யாரும் காசு கொடுக்கக் கூடாது. நான் நம்பியது வேறொன்றை. நான் கேட்பதற்கு முன்பே அவர் பின்பக்கப் படத்தை அனுப்பினார். "சார், தெரிஞ்சவங்க முதல்ல பின்னாடிதான் பாப்பாங்க, நல்லா பெருசாக்கிப் பாருங்க" என்றார். பார்த்தேன். அச்சில் வைத்து அடித்த பித்தளைத் தகடு. முன்னால் புலியும் யானையும் புடைத்திருக்கும் இடமெல்லாம் பின்னால் கூர்மையாகக் குழிந்திருந்தது. பெயர் எழுதிய கீழ்ப்பட்டை தனி வெள்ளை உலோகம், ஒட்டவைத்த தடம் தெரிந்தது. பட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கீறல். அசல் சரக்கு. உடனே பணம் அனுப்பினேன்.

பார்சலில் வந்தது அதுவே இல்லை! கையில் எடுத்ததுமே கனம் காட்டிக்கொடுத்தது. பின்பக்கம் குழிவே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தது, அதில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னத் துளைகள். உருக்கி ஊற்றிய வார்ப்பு. யானையின் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான். கீழ்ப்பட்டையைத் துணியால் தேய்த்தேன், வெள்ளை போய் மஞ்சள் எட்டிப் பார்த்தது. தொப்பியில் செருகும் ஸ்லைடரைப் பளபளக்கும் புது ஈயத்தால் பற்றவைத்திருந்தார்கள். பழசாகக் காட்ட ஏதோ கறுப்பைப் பூசியிருந்தார்கள், அதிலும் அவசரம். பல வருடம் பாலிஷ் போட்ட பேட்ஜில் மேடு தேய்ந்து மின்னும், அழுக்கு பள்ளத்தில் மட்டும் தங்கும். இதில் புலியின் முதுகிலும் அதே கறுப்பு.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. விற்றவர் முதலில் "வெளிச்சத்துக்கு அப்படித் தெரியும் சார்" என்றார். பிறகு "படம் மாதிரிக்குப் போட்டது" என்றார். மாதிரியாம்! 6,500 ரூபாய் மாதிரிக்கா கொடுத்தேன்? அதற்குப் பிறகு பதிலே இல்லை. சந்தை நடத்துகிறவர்களிடம் போனால், "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப. போலி என்று நிபுணர் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். விற்றவனிடம் எந்தச் சான்றிதழும் கேட்காதவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இப்படி இழுத்து இழுத்து, கடைசியில் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று கோப்பை மூடிவிட்டார்கள். கெடு முடியும்வரை பரிசீலித்தது யார்?

வயிறு எரிவது இதற்குத்தான்: அதே படம், பட்டை ஓரத்தில் அதே கீறல், நேற்று மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. விலையும் அதே ஆறாயிரத்து ஐந்நூறு.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. அவசரமாகச் சில விஷயங்கள். கிரீடம் உள்ள பிரிட்டிஷ் பேட்ஜ் என்றால் முதலில் கிரீடத்தைப் பாருங்கள். இரண்டு போரும் முடிந்த பிறகு வந்த எலிசபெத் அரசி காலத்துக் கிரீடத்தைப் போட்டுக்கொண்டு உலகப் போர் பேட்ஜ் என்று விற்கிறார்கள். டப்ளின் பேட்ஜில் கிரீடமே கிடையாது, அதனால் பின்பக்கம்தான் சாட்சி. கீழ்ப்பட்டையும் சேர்த்து முழுப் பித்தளையாக இருந்தால் மட்டும் உடனே போலி என்று தள்ளாதீர்கள், 1916-இல் சிக்கனத்துக்காகப் பல படைகளுக்கு அப்படியும் அடித்தார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவிலேயே செய்த பேட்ஜ்களில் அசலான வார்ப்பும் உண்டு, அதை வைத்தே ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பழைய அச்சிலேயே புதிதாக அடித்த சரக்கும் சந்தையில் ஓடுகிறது. விற்பவரிடம் இன்றைய தேதி எழுதிய காகிதத்தின் மேல் பேட்ஜை வைத்து இருபக்கமும் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அந்தக் கீறல் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிய வேறு யாராவது இருந்தால் நீங்களும் பதியுங்கள், பணம் கட்டிய ரசீதையும் விற்றவர் அனுப்பிய செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.