பண்ணை: உயிலில் விடுவதா, இப்போதே கொடுப்பதா?

நிலம் வாங்கினால் வாரிசு வரி (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரி) மிச்சம் என்று முன்பு சொன்ன பிரிட்டன் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன், 2024 நவம்பரில் பண்ணைகளுக்கும் அந்த வரி வருவதை எதிர்த்த லண்டன் போராட்டத்தில் நின்றார். அவரை நம்புவதா என்று பிரிட்டனில் வாக்குவாதம். குடும்பப் பண்ணைகளின் கவலையோ நிஜம்.

உயிலில் விட்டால், 2026 ஏப்ரல் முதல் 25 லட்சம் பவுண்டுவரை (தம்பதிக்கு 50 லட்சம்) வரியில்லை. அதற்குமேல் 20 சதவீதம். தனி ஒருவரின் 40 லட்சம் பவுண்டு பண்ணைக்கு அதிகபட்சம் 3 லட்சம், வட்டியின்றி ஆண்டுக்கு 30,000 வீதம் 10 தவணை.

இப்போதே கொடுத்து 7 ஆண்டு உயிரோடிருந்தால் வரியே கிடையாது. பலர் சறுக்குவது இங்கேதான்: மகன் பெயருக்கு எழுதிவிட்டு, வாடகை தராமல் அதே பண்ணைவீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வரிக்கணக்கில் அந்த வீடு இன்னும் அப்பாவுடையதுதான். சந்தை வாடகை கட்டாயம். அந்த 7 ஆண்டு உறுதியில்லாத 85 வயதுக்காரருக்கு, உயிலில் விட்டு வாரிசு தவணையில் கட்டுவதே பாதுகாப்பு.