அனாஹைமில் "விண்வெளி இசை இரவு" பேக்கேஜ் விற்கிறார்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மே மாதம் நெருங்கினாலே லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு கவுண்டி பக்கம் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிடும். கறுப்புப் பின்னணி, நட்சத்திரங்கள், கோட்டு போட்ட ஒருவரின் முதுகு, அவர் கையில் லைட்சேபர், ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் அந்த ஒளிவாள். கீழே "60 பேர் கொண்ட முழு ஆர்கெஸ்ட்ரா, நேரடியாக" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதோடு அனாஹைமில் இருக்கும் டிஸ்னிலாண்ட் பார்க்கின் ஸ்டார் வார்ஸ் இரவுக்கான டிக்கெட்டும் சேர்ந்தே கிடைக்கும் என்பார்கள். நடத்துபவர்களின் பெயரை நான் இங்கே போடவில்லை. அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், நான் போடும் பெயர் அடுத்த மாதம் யாருக்கும் உதவாது. ஏமாற்றும் விதம் மட்டும் மாறுவதில்லை, அதனால் அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த ஊரில் இப்படி ஒரு விளம்பரத்தை யாரும் சந்தேகப்படமாட்டார்கள், ஏனென்றால் உண்மையான நிகழ்ச்சிகளே இதைவிடப் பிரமாதமாக நடக்கும். ஹாலிவுட் பவுலில் கோடைக்காலத்தில் ஸ்டார் வார்ஸுக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸின் இசையை லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் வாசிக்கும்போது போய்ப் பாருங்கள், 17,000 பேருக்கு மேல் உட்காரும் திறந்தவெளி அரங்கு, வில்லன் டார்த் வேடரின் அணிவகுப்பு இசை ஆரம்பித்ததும் மலைச்சரிவு முழுக்கச் சிவப்பும் நீலமும் பச்சையுமாக லைட்சேபர்கள் தாளத்துக்கு ஆடும். பெரியவர்கள்தான் அதிகம் ஆட்டுவார்கள். முதல் ஸ்டார் வார்ஸ் படம் வந்த அதே 1977-ல், நவம்பர் மாதம், அதே மேடையில் நம் பம்பாய்க்காரர் சுபின் மேத்தா இந்த இசையை நடத்தியிருக்கிறார், லேசர் ஒளி, வாணவேடிக்கை எல்லாவற்றோடும். சினிமா இசையைப் பெரிய சங்கீத மேடை ஏற்றுக்கொள்ளுமா என்று மூக்கைச் சுளித்தவர்கள் இருந்த காலம் அது.

பார்க்குக்குள் இருக்கும் இசை தனிக் கதை. ஸ்பேஸ் மவுன்டன் என்ற ரோலர்கோஸ்டரில் இருக்கையிலேயே ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், ஸ்டார் வார்ஸ் சீசனில் அது ஹைப்பர்ஸ்பேஸ் மவுன்டன் ஆகிவிடும், கும்மிருட்டில் வண்டி திரும்பும் இடத்தில் சரியாக ட்ரம்பெட் எகிறும். 2019-ல் கேலக்ஸிஸ் எட்ஜ் என்ற ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தபோது அதற்கென்றே வில்லியம்ஸ் ஒரு சிம்பொனி இசைத்தொகுப்பு எழுதிக் கொடுத்தார், அதற்கு 2020-ல் கிராமி விருதும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், திறந்த புதிதில் அந்தத் தெருக்களில் நடந்தால் அந்த இசை காதில் விழாது, ஏதோ பறவைச் சத்தமும் கப்பல் எஞ்சின் உறுமலும்தான் கேட்கும். வேற்றுக் கிரகத்தில் நிற்பவனுக்குப் பின்னணி இசை எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவே இல்லை. என்னைப் போலப் புலம்பிய ரசிகர்கள் ஏராளம். "பார்க்குக்குள் கேட்க முடியாத இசையை முழுதாக நேரில் கேளுங்கள்" என்று விளம்பரத்தில் ஒரு வரி போட்டிருந்தார்களே, ரசிகனின் அந்தக் குறை தெரிந்தவன்தான் அதை எழுதியிருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் இருக்கும் ஒரு தம்பி, நல்ல பையன், அவனும் ஏமாந்தவன்தான், "அண்ணா, கடைசி பத்து சீட்தானாம், சீக்கிரம் போட்டுடுங்க" என்று லிங்க் அனுப்பினான். இணையதளம் ஒழுங்காக இருந்தது. பார்க்குக்கு அருகே ஒரு ஹோட்டலின் பெரிய ஹால். கச்சேரிக்கு ஆளுக்கு 135 டாலர், கார்டில் கட்டலாம். மறுநாள் இரவு பார்க் நிகழ்ச்சிக்கான டிக்கெட் ஆளுக்கு 190 டாலர், ஆனால் அதைக் கார்டில் வாங்க முடியாது, ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் முறை) அனுப்ப வேண்டும். ஏன் என்று போன் போட்டுக் கேட்டேன். பேசியவர் குழைந்து பேசினார். பார்க்கோடு அவர்களுக்கு மொத்தக் கொள்முதல் ஒப்பந்தம் இருக்கிறதாம், அதில் கார்டு கட்டணம் சேர்த்தால் ஒப்பந்தம் ரத்தாகிவிடுமாம், அதனால்தான் இவ்வளவு மலிவாகத் தர முடிகிறதாம். அப்போது பார்க்கின் சொந்தத் தளத்தில் அந்த இரவு விற்றுத் தீர்ந்திருந்தது. பத்தாவது படிக்கும் மகள் ஸ்டார் வார்ஸ் நாயகி ரே வேஷத்துக்குத் துணி தைத்துவைத்துவிட்டுக் காத்திருந்தாள். நான், மனைவி, மகள், மூன்று பேருக்கும் கட்டினேன்.

கச்சேரி அன்று ஹாலில் ஐந்நூறு நாற்காலி போட்டிருந்தார்கள், நிறைந்தும் இருந்தது. மேடையில் ஒன்பது பேர். நான்கு வயலின், ஒரு வயோலா, இரண்டு செல்லோ, ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ். மற்றவர்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள், கடைசி நேரத்தில் வந்து உட்காருவார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார், பாவம், அவரும் ஆசையோடு வந்தவர். விளக்கு அணைந்தது, புகை விட்டார்கள், அந்த ஆரம்ப முழக்கம் வந்தது. கேட்பதற்கு என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. என் மகள் பள்ளி பேண்டில் ஹார்ன் என்கிற வளைந்த பித்தளைக் குழல் வாசிக்கிறவள். காதருகே குனிந்து, "அப்பா, ட்ரம்பெட் எங்கப்பா? ஹார்ன் எங்க?" என்றாள்.

அப்புறம்தான் நானும் உற்றுப் பார்த்தேன். இந்த இசையை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது பித்தளைக் கருவிகளின் இசை. 1977-ல் முதல் படத்துக்காக லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் 80-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து வாசித்தது, அதில் அந்த உச்சத்து ட்ரம்பெட் ஸ்வரங்களை ஊதிய மாரிஸ் மர்ஃபி அப்போதுதான் அந்தக் குழுவில் முதன்மை ட்ரம்பெட்காரராகச் சேர்ந்த புதியவர். மேடையில் ஊதுகிற வாய் ஒன்றுகூட இல்லை, ஸ்பீக்கரில் மட்டும் ட்ரம்பெட் பிளந்து கட்டுகிறது. படத்தின் நாயகன் லூக் இரண்டு சூரியன்கள் மறைவதைப் பார்த்து நிற்கும் காட்சியில் ஹார்ன் தனியாக ஏறுமே, அந்த இடத்தில் ஒன்பது பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், வயலின், செல்லோக்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு. இரண்டாவது வரிசை வயலின்காரர் தண்ணீர் குடித்தார். ஹார்ன் மட்டும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

வயலின் பகுதிகளிலாவது உண்மை இருக்குமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஒரு கட்டத்தில் முன்னால் இருந்த பெண்ணின் தாள் ஸ்டாண்டிலிருந்து சரிந்து விழுந்தது, அவர் குனிந்து எடுத்து அடுக்கினார், எதிர்ப்பக்கம் இருந்தவரும் உதவிக்கு எழுந்தார், ஒலியில் ஒரு இழைகூடக் குறையவில்லை. ஸ்பீல்பெர்கின் வேற்றுக்கிரகவாசிப் படமான "குளோஸ் என்கவுன்டர்ஸ்" படத்தின் ஐந்து ஸ்வரங்களையும் போட்டார்கள். அந்தப் படத்தில் விண்கலம் பேசும் குரல் டியூபா என்கிற மாபெரும் குழல்தான், ஆளையே மறைக்கும் கருவி. அதை எங்கே ஒளித்துவைத்திருக்க முடியும்? பின்வரிசையில் யாரோ "டியூபாவைக் காட்டு" என்று கத்தினார்கள், பாதி ஹால் சிரித்தது, மீதிப் பாதி கோபமாக உஷ் என்றது. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். மேடையில் இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, கூலிக்கு வந்த இளைஞர்கள், இரண்டு பேர் முகத்தில் அவமானம் நன்றாகவே தெரிந்தது.

வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆளிடம் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போய்க் கேட்டோம். "60 பேர் வாசித்த இசைதான் சார், ஒலிப்பதிவில் 60 பேர் இருக்கிறார்கள்" என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மறுநாள். இந்த இரவு நிகழ்ச்சி எப்படி என்று தெரியாதவர்களுக்கு: இதற்குத் தனி டிக்கெட், ஒன்பது மணி முதல் நள்ளிரவு ஒன்று வரை, ஆனால் ஆறு மணிக்கே உள்ளே விடுவார்கள். பகல் டிக்கெட்டில் வந்தவர்கள் ஒன்பது மணிக்கு வெளியேறிவிட வேண்டும். சாதாரண நாளில் 14 வயதானவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும் வேஷம் போட்டு உள்ளே வர முடியாது, இது போன்ற தனி டிக்கெட் இரவுகளில் எல்லா வயதினருக்கும் அனுமதி. அதனால்தான் ரசிகர்கள் இதற்கு உயிரை விடுகிறார்கள், தாத்தா பாட்டி எல்லாம் படத்தின் ஜெடை வீரர்களைப் போல அங்கியில் வருவார்கள்.

நாங்கள் ஆறரைக்கு வாசலில் நின்றோம். முந்தின இரவு பார்த்ததற்குப் பிறகு மனதுக்குள் உதறல்தான், ஆனாலும் பார்கோடு கையில் இருக்கிறதே என்று ஒரு நம்பிக்கை. மூன்றும் மின்னஞ்சலில் படமாக வந்தவை. முதல் இரண்டும் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன என்றது ஸ்கேனர். அதாவது ஒரே பார்கோடைப் பல பேருக்கு விற்றிருக்கிறார்கள், யார் முதலில் வாசலுக்கு வருகிறாரோ அவர் உள்ளே, மற்றவர்கள் தெருவில். மூன்றாவது இன்னும் மோசம். அது அந்த இரவுக்கான டிக்கெட்டே இல்லை. யாரோ வாங்கிய பல நாள் டிக்கெட்டில் மீதம் இருந்த ஒரு நாள். முதல் முறை உள்ளே போகும்போதே டிக்கெட்காரரின் முகத்தைப் படம் எடுத்துவைக்கிறார்கள், அந்தப் படம் ஊழியரின் கையில் இருக்கும் கருவியில் வந்துவிட்டது. "இந்தப் படத்தில் இருப்பவர் நீங்கள் யாரும் இல்லை" என்று அந்தப் பெண் மிகவும் தன்மையாகச் சொன்னார். ஒரு முறை பயன்படுத்திய டிக்கெட்டை அடுத்தவருக்குக் கைமாற்றுவது அங்கே விதிப்படி செல்லாது, பார்க்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து வரிசையிலும் முந்தின நாள் ஹாலில் பார்த்த முகங்கள், அதே பேச்சு. மகள் அழவில்லை, காரில் ஏறியதும் வேஷத்தின் மேல்துணியைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தாள், அவ்வளவுதான்.

பணம் என்ன ஆனது? கச்சேரிக்குக் கார்டில் கட்டிய 405 டாலர் முழுதாகத் திரும்பியது. "நேரடியாக, 60 பேர்" என்ற விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும், ஹார்ன் கேட்கும்போது எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கும் சின்ன வீடியோவையும் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன், வேறெதுவும் தேவைப்படவில்லை. ஸெல்லில் போன 570 டாலர் போனதுதான். நீங்களே அனுப்பிய பணம் அது, கேட்டு எடுக்க வழியில்லை என்று வங்கி கைவிரித்துவிட்டது. பேபாலில் "நண்பர்கள், குடும்பம்" என்று அனுப்பச் சொன்னாலும் இதே கதைதான், அதற்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் அரசு அமைப்பான எஃப்டிசியின் தளத்திலும், எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3யிலும் புகார் பதிந்திருக்கிறேன், பதில் எதிர்பார்த்துப் பதியவில்லை, எண்ணிக்கை கூடினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்றுதான்.

இனி விளம்பரம் வந்தால் எதைப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். உண்மையான ஆர்கெஸ்ட்ரா என்றால் அதன் பெயரும் மேடையில் இசையை நடத்துபவரின் பெயரும் விளம்பரத்திலேயே இருக்கும், அந்த ஆர்கெஸ்ட்ராவின் சொந்தத் தளத்தில் அதே தேதி இருக்கும், போய்ப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்களுக்கு வந்த விளம்பரத்தில் முதுகுதான் இருந்தது, பெயர் இல்லை. படத்தைத் திரையில் ஓட்டி இசையை நேரடியாக வாசிக்கும் நிகழ்ச்சி வேறு, "இன்னாரின் இசை" என்று போட்டு யாரோ வாசிக்கும் அஞ்சலி நிகழ்ச்சி வேறு. இரண்டாவதிலும் நல்ல குழுக்கள் உண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான்கு பேர் வாசிப்பதை நான்கு பேர் என்றே சொல்லி விற்பவர்களிடம் நான் சந்தோஷமாகக் கேட்டிருக்கிறேன். பார்க் இரவுக்கு பார்க்கின் தளம் அல்லது செயலி, இரண்டைத் தவிர வேறு எங்கும் வாங்காதீர்கள், தீர்ந்துவிட்டதென்றால் தீர்ந்துவிட்டது.

அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் வந்திருக்கிறார்கள். படம் அதே முதுகு, லைட்சேபரின் நிறம் மட்டும் நீலத்திலிருந்து பச்சையாகியிருக்கிறது, "60 பேர்" இப்போது "70 பேர்". அந்த ஹாலில் எங்களோடு இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கார்டில் கட்டியிருந்தால் உடனே புகார் கொடுங்கள், அந்தத் தொகை வந்த ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாள் தாண்டிவிட்டால் கஷ்டம். வீடியோ இல்லையென்றால் என்னிடம் கேளுங்கள், அந்த வயலின்காரர் தண்ணீர் குடிக்கும் இடம் தெளிவாகவே இருக்கிறது.