சிறிய மில்லிங் மெஷினுக்கு ஈஆர் 32 கோலெட் சக்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

என் கையில் உள்ள இரண்டு தழும்புகளும் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) ஓடாமல் நின்றிருந்தபோது, கட்டர் மாற்றுகையில் ஏற்பட்டவை. மோர்ஸ் டேப்பர் 3 ஷாங்க் (ஸ்பிண்டிலுக்குள் பொருந்தும் கூம்பு வடிவத் தண்டு) கொண்ட இந்த கோலெட் சக் செட்டை நான் வாங்கியதற்கு அவற்றில் முதலாவதே முதற்காரணம். கோலெட் என்பது கட்டரின் தண்டைச் (ஷாங்க்) சுற்றி இறுகும் பிளவுபட்ட உறை; சக் என்பது அதைத் தாங்கும் பிடிப்பான்.

முன்பெல்லாம் ஒவ்வொரு எண்ட் மில்லையும் (முனையிலும் பக்கத்திலும் வெட்டும் கட்டர்) கழற்ற, டிராபாரை (டேப்பரை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ட்) ஓரிரு சுற்று தளர்த்திவிட்டு அதன் தலையில் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. மோர்ஸ் டேப்பர் தானாகவே இறுகிக்கொள்ளும் வகை என்பதால் தட்டாமல் விடுபடாது. ஒரு கை மேலே சுத்தியலைப் பிடித்திருக்க, மறு கை கீழே கட்டரைத் தாங்கியிருக்கும்; டேப்பர் விடுபடும் கணத்தில் கூரிய முனைகள் உள்ளங்கையில் வந்து இறங்கும். அடிக்கடி தட்டுவது ஸ்பிண்டில் பேரிங்குகளுக்கும் நல்லதன்று. இப்போது சக் ஸ்பிண்டிலிலேயே இருக்கிறது. கண்ணுக்கு நேரே உள்ள சக்கின் நட்டைத் தளர்த்தினால் கட்டர் கைக்கு வந்துவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே செட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் பெட்டியுடன் வந்த தாளில் மிக முக்கியமான ஒன்று இல்லை. கோலெட்டை முதலில் நட்டுக்குள் சற்றுச் சாய்த்து அழுத்த வேண்டும். உள்ளே மையம் விலகி அமைந்துள்ள வளையத்தில் அது ‘டக்’கென்று உட்கார்ந்த பிறகே சக்கில் மாட்ட வேண்டும். கோலெட்டைச் சக்கில் போட்டுவிட்டு மேலே நட்டை முறுக்கினால், கழற்றும்போது அந்த வளையத்தால் கோலெட்டை வெளியே இழுக்க முடியாது. அது டேப்பருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், விளிம்பும் கெட்டுப்போகும். ஒவ்வொரு கோலெட்டும் 1 மி.மீ. வரைதான் சுருங்கும் என்பதால், 12 மி.மீ. கோலெட்டில் 11 முதல் 12 மி.மீ. வரையுள்ள ஷாங்க்கை மட்டுமே பிடிக்கலாம். பிடிப்பு வழவழப்பான ஷாங்க் மீது இருக்க வேண்டுமே தவிர, வெட்டுப் பள்ளங்கள் மீது இருக்கக் கூடாது. டிரில் சக்கில் எண்ட் மில்லை மாட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதை இன்றே விட்டுவிட வேண்டும். பக்கவாட்டு விசையில் அந்தச் சக் தன் டேப்பரிலிருந்தே கழன்று விழக்கூடும்.

செட்டின் பெருங்குறை அதனுடன் வந்த கொக்கி ஸ்பேனர். தகடு மெலிது, பல் குட்டை. இரண்டாம் வாரத்தில் அது நட்டின் பள்ளத்திலிருந்து நழுவியதில் என் ஆள்காட்டி விரல் 10 மி.மீ. கட்டரின் முனையில் மோதியது. மேலே சொன்ன தழும்புகளில் ஒன்று அப்படி வந்ததுதான். உடனே தடித்த, நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரைத் தனியாக வாங்கினேன். இப்போது மெயின் பிளக்கைப் பிடுங்கி, கட்டரைத் தடித்த துணியால் சுற்றி, மேசையில் மரக்கட்டை ஒன்றை வைத்த பிறகே நட்டைத் தொடுகிறேன். கட்டர் நழுவினாலும் அதன் முனை இரும்பில் மோதி உடையாது. ஸ்பேனரையும் ஸ்பிண்டில் பூட்டுக்கம்பியையும் தட்டில் கண்ணால் பார்க்காமல் பிளக்கைத் திரும்பச் செருகுவதில்லை, ஏனெனில் மேலே மறந்துவிட்ட கம்பி மெஷினை ஓட்டியதும் வீசியெறியப்படும்.

சக் கீழே நீட்டிக்கொண்டிருப்பதால் ஸ்பிண்டிலுக்கும் மேசைக்கும் இடையே சுமார் 60 மி.மீ. இடம் குறைகிறது, உயரமான வேலைப்பொருளுக்கு இது உண்மையான இழப்பு. தனி ஆர்பரில் (கட்டரைத் தாங்கும் தண்டு) வரும் ஃபேஸ் கட்டரை (பரப்பைச் சமன்படுத்தும் அகலமான கட்டர்) மாட்டும் நாட்களில் டிராபாரைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்பதால், பித்தளைச் சுத்தியலை இன்னும் மெஷின் அருகிலேயே வைத்திருக்கிறேன்.