பழைய மைவி 1.3: சுங்கை சிப்புட்டில் மூன்று ஆண்டுகள் ஓட்டிய பின்

2010-ஆம் ஆண்டில் பதிவான பெரோடுவா மைவி 1.3 ஆட்டோ கியர் காரை, 2022 ஆகஸ்டு மாதம் 11,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ரொக்கமாகக் கொடுத்து வாங்கினேன். அன்று மீட்டரில் இருந்தது 146,000 கிலோமீட்டர், இன்று 193,000. இந்தக் காருக்குச் செலவான ஒவ்வொரு வெள்ளியையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். தோட்டத்தில் கிராணியாக இருந்த என் தந்தையிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. இந்த மதிப்புரையை அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பழைய காரின் விலை, விற்பவர் கேட்கும் தொகையோடு நிற்பதில்லை. வாங்கிய முதல் ஆறு மாதத்தில் அது விழுங்கும் தொகையும் அந்த விலையில் சேர்த்திதான். கையில் 14,000 வெள்ளி இருந்ததால், 12,000-க்கு மேற்பட்ட எந்தக் காரையும் போய்ப் பார்ப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். முழுப் பணத்தையும் காரிலேயே போட்டுவிட்டு, மூன்றாவது வாரம் டயர் மாற்றக் கடன் கேட்டு அலைந்தவர்களை எங்கள் தாமான் குடியிருப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

மைவியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அழகு அன்று. லிந்தாங், லாசா பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்குக் கார் நின்றுபோனால் அன்றைய சம்பளமும் நின்றுபோகும். ஆகவே எந்தக் காரை இந்த ஊரில் எல்லாப் போமன்களும் (மெக்கானிக்குகளும்) கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்களோ, எதன் உதிரிப் பொருள் அன்றைக்கே கிடைக்குமோ, அதுவே இங்கு நல்ல கார். 2005-இல் முதல் மைவி வந்தபோது அதில் இருந்த 1.3 லிட்டர் கே3-விஇ எஞ்சினே 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை 1.3 மாதிரியிலும் தொடர்ந்ததால், எஞ்சின் பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி. இதே வயதுடைய புரோட்டோன் சாகா பிஎல்எம் விலையில் குறைவுதான், அதன் பின்பெட்டியும் பெரிதுதான். ஆனால் அதன் கேம்ப்ரோ எஞ்சினில் பெல்ட்டைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும், அதை முந்தைய உரிமையாளர் மாற்றினாரா என்பதற்கு ரசீது இல்லையென்றால் வாங்கியவுடன் நாம்தான் மாற்றியாக வேண்டும். சாலை வரி இரண்டுக்கும் ஆண்டுக்கு 70 வெள்ளி. வரி இன்னும் குறைவாக வேண்டுமென்பவர்கள் 20 வெள்ளியோடு முடிந்துவிடும் பெரோடுவா விவா 1.0-ஐப் பார்க்கலாம், நான்கு பெரியவர்கள் ஏறினால் மேட்டில் அது திணறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முதலில் நான் பார்த்தது ஒரு விற்பனை நிலையத்தில் பளபளவென்று நின்ற வேறொரு மைவி. மீட்டர் 78,000 என்று காட்டியது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பரில் கோடுகளே இல்லை. வலது ஓரம் தேய்ந்து உள்ளிருந்த இரும்பு தெரிந்தது. ஸ்டீரிங்கின் மேற்பகுதியோ மழித்த முகம்போல வழுவழுப்பாக இருந்தது. எழுபத்தெட்டாயிரத்தில் இரும்பு தெரியாது. சர்வீஸ் புத்தகம் எங்கே என்று கேட்டேன். "முதல் ஓனர் தொலைச்சிட்டாரு" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். மீட்டரில் உள்ள எண்ணை மாற்றுவது எளிது. மிதி, இருக்கையின் ஓரம், கதவுக் கைப்பிடி ஆகிய அனைத்தையும் மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

நான் வாங்கிய கார் கோலகங்சாரில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது. எங்கள் ஊர்ப் போமன் அண்ணனை, அரைநாள் கூலியாக 80 வெள்ளி கொடுத்து உடன் அழைத்துச் சென்றேன். இந்தக் காருக்கு நான் செய்த செலவுகளிலேயே சிறந்தது அந்த 80 வெள்ளிதான் என்று இன்றும் நினைக்கிறேன். நாங்கள் வரும்வரை எஞ்சினை முடுக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டிருந்தோம். போன உடனே அண்ணன் பேசாமல் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய முதல் சில விநாடிகளில்தான் தேய்ந்த சங்கிலியின் கலகலப்பும், எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் வெளியே வரும். முடுக்குவதற்கு முன் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைக் காட்டினார். அங்கே தேத்தாரிக் தேநீரின் நுரைபோல வெளிறிய படிவு இருந்தால், குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். இதில் கருப்பு எண்ணெய் மட்டுமே இருந்தது.

"தம்பி, பாலீஷ் போட்ட பானட்டைப் பாக்காதே, ஓரத்துல இருக்கிற நட்டைப் பாரு" என்றார். பானட்டையும் முன்பக்கத் தகடுகளையும் பிடித்திருக்கும் நட்டுகளில் சாயம் உடைந்திருந்தால், அந்தத் தகடு ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது. பிறகு கதவோரத்து ரப்பரை இழுத்து, அதன் அடியில் தொழிற்சாலையில் வைத்த வட்ட வட்டமான பற்றவைப்புப் புள்ளிகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா என்று பார்த்தார். இடப்பக்க முன் தகட்டில் சாயம் பூசிய அடையாளம் இருந்தது. ஆசிரியர் அதை மறைக்காமல், பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிள் உரசியது என்றார். அது எங்களுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. இரண்டு கார்களின் பாதிகளை வெட்டி ஒட்டிய கார்களும் சந்தையில் உண்டு. அவற்றில் கூரைத் தூண்களின் அடியிலும் பின்பெட்டித் தரையிலும் ஒழுங்கற்ற பற்றவைப்பு தெரியும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விலை பேசவே உட்காரக் கூடாது.

நான் தேடிய ஆண்டு 2022 என்பதால் எனக்கு வேறொரு பயமும் இருந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில், குறிப்பாக ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில், கூரைவரை நீரில் மூழ்கிய கார்களின் படங்களைப் பார்க்காதவர் இல்லை. அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாநிலங்களில் விற்பனைக்கு வரும் என்று எதிர்பார்ப்பதே விவேகம். இருக்கைப் பட்டையை அதன் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்: நீர் நின்ற இடத்தில் மங்கலான ஒரு கோடு இருக்கும். இருக்கையின் அடியில் உள்ள தண்டவாளத்தில் காய்ந்த சேறும், நட்டுகளில் துருவும் இருக்கும். உட்புறம் வாசனைத் திரவம் மூக்கைத் துளைத்தால் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

பெயர் மாற்றத்திற்கு ஈப்போ புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தில் பி5 என்னும் சோதனை செய்தோம். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ‘புஸ்பாகோம் பாஸ்’ என்றால் கார் நல்ல கார் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தச் சோதனை முக்கியமாகக் காரின் அடையாளத்தைப் பற்றியது: எஞ்சின் எண், சேசிஸ் எண் ஆகியவை கெரானில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) உள்ளபடியே, திருத்தப்படாமல் இருக்கின்றனவா என்பது. கியர் பெட்டி அடுத்த மாதம் தாங்குமா என்பதற்கு அது உத்தரவாதம் தராது. காப்புறுதியிலும் சிலர் ஏமாறுகிறார்கள்; என்சிடி என்னும் தள்ளுபடி காரோடு வருவதன்று, உரிமையாளருடையது. முதல் கார் வாங்குபவருக்கு அது சுழியத்தில் தொடங்கி, இழப்பீடு கோராத ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே 55 விழுக்காட்டைத் தொடும். விற்பவர் கட்டிய காப்புறுதித் தொகையைக் கேட்டு நம் செலவைக் கணக்கிடக் கூடாது.

இனி அந்த ஆறு மாதம். நான்கு டயர்களின் பக்கவாட்டில் இருந்த கடைசி நான்கு இலக்கம் 1416, அதாவது 2016-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம்; பூ (தரையில் பதியும் வரிப்பள்ளம்) நிறைய இருந்தாலும் ஓரம் வெடித்திருந்தது. புதிய டயர்களுக்கு 660 வெள்ளி. முன்பக்க அப்சார்பர் இரண்டும் அவற்றின் மவுண்டிங்கும் 380, எஞ்சின் மவுண்டிங் 240. பேட்டரி, லோவர் ஆர்ம், பிரேக், கியர் எண்ணெய், கூலண்ட் என்று மற்றவையும் சேர்ந்து மொத்தம் 2,280 வெள்ளி ஆயிற்று. ஆக, என் மைவியின் உண்மையான விலை 14,080. ஆசிரியர் சர்வீஸ் ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்ததால், எதை மாற்ற வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்று தெரிந்தது. அந்த டின் இல்லாவிட்டால் இன்னும் ஆயிரம் வெள்ளியாவது கூடியிருக்கும்.

அதன் பிறகு கார் அடங்கிவிட்டது. செமி சிந்தெட்டிக் எண்ணெயை 7,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். நான்கு லிட்டர் புட்டியில் கொஞ்சம் மிஞ்சும். சங்கிலி எஞ்சின்தானே என்று எண்ணெயைத் தள்ளிப்போடுபவர்கள்தான் பிறகு சங்கிலி சத்தத்தோடு வருகிறார்கள். செம்மண் சாலையில் செம்பனை லாரிகளுக்குப் பின்னால் தினமும் போவதால் காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுவேன்; தட்டும்போது விழும் செந்தூளைப் பார்த்தால் எஞ்சின் மேல் இரக்கம் வரும்.

நோட்டில் சிவப்பு மையில் எழுதிய செலவு ஒன்றே ஒன்று: எலி. செம்பனைத் தோட்டத்தில் எலிக்காகவே ஆந்தைப் பெட்டி வைக்கிறார்கள். அந்த ஆந்தைகளுக்குத் தப்பிய ஒன்று என் பானட்டுக்குள் குடியேறியது. ஒருநாள் காலை எஞ்சின் விளக்கு எரிந்தது. வழியில் இருந்த ஒரு பட்டறையில் சென்சார் போய்விட்டது, 380 வெள்ளி என்றார்கள். நம்பாமல் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கைவிளக்கை அடித்து, புகைப்போக்கி சென்சாருக்குப் போகும் கம்பியில் அரிசி மணி அளவுக்குக் கடிபட்ட இடத்தைக் காட்டினார். ஈயம் வைத்து ஒட்டி, உறை சுற்றித் தந்துவிட்டு 40 வெள்ளி வாங்கிக்கொண்டார். இப்போது புல்லோரத்தில் நிறுத்துவதில்லை, சிமெண்டுத் தரையில்தான். பிள்ளைகள் காரில் ரொட்டி தின்னவும் தடை.

வெட்டிய கார்களின் உதிரிப் பொருள் விற்கும் கடைகளைப் பற்றியும் கேட்பார்கள். பக்கக் கண்ணாடி, விளக்கு, கண்ணாடி ஏற்றும் மோட்டார், கதவுப் பூட்டு இவற்றை அங்கே தயங்காமல் வாங்கலாம். என் பின்விளக்கு 45 வெள்ளிக்கு அங்கே கிடைத்ததுதான். பிரேக், அப்சார்பர், ரப்பர் குழாய் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது கஞ்சத்தனம்கூட இல்லை, வெறும் நஷ்டம்.

காரின் ஓட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஸ்டீரிங் இலேசு, பசாரில் சந்து கிடைத்தால் நுழைந்துவிடும், லிட்டருக்கு எனக்குச் சராசரியாக 13 கிலோமீட்டர் தருகிறது. கியர் நான்குதான் என்பதால், மெனோரா சுரங்கத்தை நோக்கி ஏறும் மேட்டில் எஞ்சின் கத்தத் தொடங்கினால் பின்னிருக்கையில் பேசுவது கேட்காது. வாங்கும் முன் அந்த மேட்டில்தான் ஓட்டிப் பார்த்தோம். பழைய ஆட்டோ கியர் நழுவுகிறதா, ஏசி போட்டு ஏறினால் சூடேறுகிறதா என்பதற்கு அதைவிடத் தெளிவான சோதனை இந்தப் பக்கத்தில் இல்லை. இறங்கியதும் கூலண்ட் புட்டியின் அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

என் காரில் ஏர்பேக் இல்லை. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பசாருக்கும் ஓடுபவருக்கு, ரசீதோடு கிடைக்கும் முதல் தலைமுறை மைவி 1.3-ஐ நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். வாரந்தோறும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போகிறவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவர் இன்னும் ஓராண்டு பணம் சேர்த்து, ஏர்பேக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் உள்ள பிந்தைய மாதிரி ஒன்றைப் பார்க்கட்டும், அதற்கும் போமனை அழைத்துச் செல்லட்டும். என் தங்கைக்கு இப்போது அப்படித்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த காரின் இருக்கைப் பட்டையில் கோடு இருந்தது.